பழைய பெயர்கள், இன்றைய தேதி

அரசுவுக்குச் சட்டுப்புட்டென்று ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவைக்கச் சொல்லி எழுதியிருக்கும் வாசகிகளே, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் அவன் இருக்கும் இருப்புக்குக் கல்யாணப் பேச்சு ஒன்றுதான் குறைச்சல்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் கமலாம்பிகை அம்மாளும் மகன் திருநாவுக்கரசும் இருக்கிறார்கள். மகள் புஷ்பராணியை நாகநாதனுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. முதல் பிள்ளை பிறந்தபோதே தெரிந்துவிட்டது, அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். பாசிட்டிவ் ரத்தத்தை இனி அவள் உடம்பு ஏற்காது, தெரியாமல் ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர்கள் அன்றைக்கே எச்சரித்துவிட்டார்கள். வீட்டில் வேறு யாருக்கும் அந்த வகை இல்லை. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அது அபூர்வம். பினாங்கில் கிடைத்தால் பெரும்பாலும் நம் ஆட்களிடம்தான் கிடைக்கும்.

தொழிற்சாலை வேலையை உதறிவிட்டுக் கணினியும் கையுமாக வீட்டில் உட்கார்ந்த அரசு, முதலில் எழுதிய புரோகிராமே இதற்காகத்தான். மெக்கலிஸ்டர் ரோட்டில் டாக்டர் வள்ளிநாயகி நடத்தும் நர்சிங் ஹோமில் அது ஓடுகிறது. விடியற்காலையில் கவுண்ட்டர் கணினி தானாகவே தொலைபேசி வழியாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமைக் கூப்பிடும். அங்கே காஜா மொய்தீன் தன் வீட்டுக் கணினியில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். யார் ஊரில் இருக்கிறார், யார் போன மாதம் கொடுத்துவிட்டார், இன்றைக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே திரையில் காட்டும். மேலே அன்றைய தேதி இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காஜா மொய்தீன் கம்பெனி நடத்தவில்லை. யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், நன்மைக்குச் செய்தார். வாராவாரம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, “எப்படி இருக்கீங்க, உடம்பு நல்லாயிருக்கா?” என்று விசாரித்துத் தன் கையாலேயே திருத்துவார். அரசு வந்து கேட்ட முதல் நாளே சொன்னார்.

“எடுத்துக்குங்க தம்பி, நல்ல காரியம்தான். ஆனா இது என் கைவேலை லா. நாளைக்கு நான் இல்லன்னா இதுவும் இல்ல. இத நம்பிப் பெருசா எதையும் கட்டிடாதீங்க.”

“அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணே,” என்றான் அரசு. அவன் வயசுக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நாகநாதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். புஷ்பராணி கேட்டால்தானே! “என் தம்பி எழுதினது அங்க இருக்கு. வேற எங்கயும் போகமாட்டேன்” என்று ஒரே பிடியாக நின்று இந்த நர்சிங் ஹோமில் வந்து படுத்தாள். ஆப்பரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

அடுத்த வாரம் வரைக்கும் அவள் உடம்பு பொறுக்கவில்லை.

காலையில் பசியாற இட்லியோடு வந்த கமலாம்பிகை, கட்டிலில் ரத்தத்தைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, இனி காத்திருக்க முடியாது என்றார் டாக்டர் வள்ளிநாயகி. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத அம்மாள் அவர்.

“ரெண்டு பை வாங்கி வச்சிருக்கேன் மிஸ்டர் நாகநாதன். அது பத்தாது. ரத்தம் கொடுக்க ஆளுங்க வருவாங்கன்னா இங்கயே பண்ணிடறேன். வரமாட்டாங்கன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிடறேன். இப்ப அனுப்பலாம். இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா அனுப்பவும் முடியாது.”

நாகநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்கப் பெற்றோர்களுக்கு வழி சொல்லும் எழுத்தர் வேலைக் கிராணி அவன். அன்றைக்கு மைத்துனன் முகத்தையே பார்த்தான்.

“நான் கூப்பிடறேன் அத்தான். மிஸ்ஸிக்கு வேற வேல இருக்கு,” என்று சொல்லிவிட்டு அரசு கவுண்ட்டருக்கு ஓடினான்.

நர்ஸ் மிஸ்ஸி ரொஸ்னா நாற்காலியை ஒழித்துக் கொடுத்தாள். “நல்ல வேள தம்பி, நீங்களே இருக்கீங்க. இல்லன்னா நான் ஒத்த ஆளா எத்தன பேருக்குத்தான் டயல் பண்றது?”

திரையில் பெயர்கள் பச்சைப் பச்சையாக நின்றன. எல்லாமே கூப்பிடலாம் என்று காட்டியது. முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். “அவரா? அவர் மவுத்தாயி நாப்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாச்சுங்க. நீங்க யாரு?”

மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு அடுத்ததைச் சுழற்றினான். அது ஜுருவில் ஒரு கார்ப் பட்டறை. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

“போன வாரந்தானே கொடுத்தேன்! மறுபடி எடுத்தா நான் விழுந்துடுவேன் பிரதர். இன்னுமா என் பேரு பட்டியல்ல இருக்கு?”

மூன்றாவது வீட்டில் இருந்தவர்கள் ஜொகூர் போய்விட்டார்களாம். இப்போது அங்கே குடியிருக்கும் சீனர் எடுத்து, அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மிச்ச எண்களில் யாரும் எடுக்கவில்லை. அரசு காஜா மொய்தீனின் கணினி லைனையே கூப்பிட்டான். அது மணியடிக்கவே இல்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு மலாய்ப் பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

அரசு ரிசீவரை வைத்துவிட்டுத் திரையின் மேலே இருந்த தேதியைப் பார்த்தான்.

என்ன நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. புரோகிராமில் அந்தப் பகுதியை எழுதியவனே அவன்தான். முதன்முதலில் டாக்டருக்குப் போட்டுக் காட்டிய அன்று லைன் கிடைக்காமல் திரை வெறுமையாக நின்றது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மாற்றினான். லைன் கிடைக்காவிட்டால் பழைய பட்டியலையே காட்டு, மேலே மட்டும் இன்றைய தேதியைப் போடு என்று எழுதிவைத்தான். மறுநாள் லைன் கிடைத்ததும் எல்லாம் தானே சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு. அந்த மறுநாள் வராமல் எத்தனை நாள் போயிற்று என்பது இப்போது அவனுக்கே தெரியாது. கணினி தினமும் தேதியை மட்டும் ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, ஆளுங்க வர்றாங்களா?”

பின்னால் டாக்டர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் புஷ்பராணி. முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து கிடந்தாள். அந்த நிலைமையிலும் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அவன்கிட்ட ஏன் டாக்டர் கேக்குறீங்க? அவன் எழுதினது எப்படித் தப்பும்?”

இந்த இடத்தில் எனக்கு அரசுவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. “வரமாட்டாங்க டாக்டர், அக்காவ அனுப்பிடுங்க.” அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வண்டி வாசலில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் டாக்டர் முன்னால், நம்பிச் சிரிக்கிற அக்கா முன்னால், தான் எழுதினது ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. புக்கிட் மெர்தாஜாம் போய்க் காஜா மொய்தீனைப் பிடித்தால் புதுப் பட்டியல் கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று அந்த ஒரு நொடியில் நினைத்தான்.

“வர்றாங்க டாக்டர். கொஞ்சம் தூரத்துல இருக்காங்க. நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

டாக்டர் தலையை ஆட்டினார். தள்ளுவண்டி திரும்பியது. புஷ்பராணி கையை நீட்டி அவன் சட்டை நுனியைத் தொட்டாள். “மெதுவா ஓட்டு,” என்றாள்.

நாகநாதனிடம் கார்ச் சாவியை வாங்கி, காடியை எடுத்துக்கொண்டு அரசு பாலத்தில் பறந்தான். வழியெல்லாம் முருகா முருகா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே போனான். கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சாக்குச் சொல்கிற பையன்தான் அவன்.

காஜா மொய்தீன் வீட்டில் அவருடைய மனைவி நூர்ஜான் கதவைத் திறந்தாள். அரசுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி, வாங்க! அம்மா நல்லா இருக்காங்களா? அவுக ஹஜ்ஜுக்குப் போயிருக்காங்களே, தெரியும்ல?”

தெரியும். தெரியாமல் என்ன? பயணம் புறப்படுவதற்கு முன்னால் பழகினவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அரசு வீட்டுக்கும் வந்தார். பிறகு அவனும் அதை மறந்துவிட்டான்.

“அக்கா, மெஷின் எங்க? அந்த ரத்தப் பட்டியல் எனக்கு உடனே வேணும். எங்க அக்கா ஆஸ்பத்திரில கெடக்கா.”

நூர்ஜானின் முகம் மாறியது. உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மூலையில் கணினிமேல் பழைய மேசைத்துணி போர்த்தியிருந்தது. சுவரில் தொலைபேசிக் கம்பி அறுபட்டுத் தொங்கியது.

“அவுகளே லைன வெட்டிட்டாங்க தம்பி. உள்ள இருந்ததையும் அழிச்சிட்டாங்க.”

“அழிச்சிட்டாரா?”

“ஊரான் பேரும் நம்பரும் நம்மள நம்பிக் கொடுத்த அமானிதம். போற எடத்துல நான் மவுத்தாயிட்டா யாரு இதுக்குப் பொறுப்புன்னு கேட்டாங்க. ஹஜ்ஜுக்குப் போறவங்க ஒரு அமானிதத்தையும் கையில வச்சுக்கிட்டுப் போகக்கூடாதுல்ல. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிட்டு, எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் கெளம்பினாங்க.” அவள் குரல் தணிந்தது. “உங்ககிட்ட சொல்லணும்னுதான் முக்கியமா உங்க வீட்டுக்கு வந்தாங்க. நானும் கூட வந்தேனே. மெஷின் விஷயம் ஒன்னு பேசணும் தம்பின்னு ஆரம்பிச்சாங்க. உங்க அம்மாதான், புனிதப் பயணம் போறவருகிட்ட போய் வேலப் பேச்சா, வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லி எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாங்க. நீங்களும் சரின்னீங்க. மாப்பு கேக்க வந்த வீட்டுல மல்லுக்கு நிக்கக்கூடாதுன்னு இவுகளும் விட்டுட்டாங்க.”

கமலாம்பிகை சொன்னது மரியாதைக்கு. காஜா மொய்தீன் விட்டது மரியாதைக்கு. அரசு மட்டும் மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவர் புறப்படுவதற்கு இன்னும் நாள் இருந்தது. புதுப் புரோகிராம் ஒன்றில் மூழ்கிக் கிடந்த நம் துரைக்கு அதற்கு நேரமில்லை.

அரசு அங்கிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான். நூர்ஜான்தான் அவன் தோளைத் தட்டினாள்.

“உக்காந்தா ஆகுமா? எந்திரிங்க. டேசன் பக்கம் நாசி கண்டார் கடை வச்சிருக்காரே முகம்மது கனி, அவரும் எங்க வீட்டுக்காரரும் ஒன்னாத்தான் போய் இந்த ரத்தம் கொடுப்பாங்க. அவர் ஒருத்தர எனக்குத் தெரியும். வேற யாரும் எனக்குத் தெரியாது.”

புறப்படுமுன் நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டான். மிஸ்ஸி ரொஸ்னா எடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“எங்க தம்பி இருக்கீங்க? பொம்பளப் புள்ள பொறந்திருச்சு. புள்ள நல்லா இருக்கு. ஆனா அக்காவுக்கு ரத்தம் நிக்கல. ரெண்டு பையும் ஏறிப் போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வாங்க ஆள் அனுப்பவான்னு டாக்டர் கேக்கச் சொன்னாங்க. எத்தன பேரு வர்றாங்க?”

கேட்கிறாள். இரண்டாவது முறையாக ஒரு வழி திறக்கிறது. நூர்ஜான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“கெளம்பிட்டோம் மிஸ்ஸி,” என்றான். “வந்துட்டே இருக்கோம்.”

வைத்தான். நூர்ஜான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முகம்மது கனி மதிய வியாபாரத்தின் நடுவில் இருந்தார். கடைக்கு வெளியே வரைக்கும் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். நூர்ஜான் நாலே வார்த்தையில் சொன்னாள். மனுஷர் குழம்புக் கரண்டியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டியபடியே வந்து காடியில் ஏறினார்.

“பயப்படாதீங்க தம்பி,” என்றார். “முன்ன ஒரு தடவ ஒரு சீனப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இப்ப இந்த உசரம் வளந்திருக்கு. உங்க அக்காவுக்கு ஒன்னும் ஆகாது.”

பாலத்துக்கு ஏறும் இடத்தில் லாரி ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. காடிகள் நகரவில்லை. அரசு ஹாரனை அழுத்தினான். இறங்கிப் போய்ப் போலீஸ்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மலாயில் கெஞ்சினான். அவரும் இரக்கப்பட்டு ஓரமாக வழி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் வெயில் தலைக்கு மேலிருந்து சாய்ந்துவிட்டது. முகம்மது கனி வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தார்.

நர்சிங் ஹோம் வாசலில் காடியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இருவரும் ஓடினார்கள். கவுண்ட்டரில் மிஸ்ஸி ரொஸ்னா இருந்தாள். அரசுவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முகம்மது கனிக்கு அது புரியவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார். “ஓ நெகட்டிவ் நான்தாம்மா. எங்க படுக்கணும்?” என்று காலி கவுண்ட்டரைப் பார்த்துக் கேட்டார்.

பெஞ்சில் கமலாம்பிகை உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். மகனைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, “போயிட்டாடா அரசு, என் ராணி போயிட்டாடா” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடிக்காமல் அரசு சுவரோடு சாய்ந்து நின்றான்.

நாகநாதன் ஜன்னலோரம் நின்றான். அவன் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை இருந்தது. அவன் அழவில்லை. முதலில் முகம்மது கனியிடம்தான் பேசினான்.

“தூரத்துலேருந்து வந்தீங்க போல. ரொம்ப நன்றி அண்ணே. இனி வேணாம்.”

முகம்மது கனி சுருட்டிய கையை இறக்கிவிடவும் மறந்து, “இன்னாலில்லாஹி” என்று முணுமுணுத்தபடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாகநாதன் கதவுப் பக்கம் பார்த்தான். வேறு யாராவது உள்ளே வருகிறார்களா என்று பார்ப்பது அரசுவுக்குத் தெரிந்தது. யாரும் வரவில்லை.

“இவர் ஒருத்தர்தானா?” என்றான் நாகநாதன்.

ஆமென்று அரசு தலையை அசைத்தான்.

“ரெண்டாவது பை முடியறப்போ டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பப் போனாங்க. நீ போன்ல கெளம்பிட்டோம்னு சொன்னியாம். சரின்னு நிறுத்திக்கிட்டாங்க. அப்புறம் உன்னக் காணோம்னு அனுப்பினாங்க. ரத்தம் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.” அவன் குரல் ஏறவே இல்லை. “காலையிலயே அனுப்பியிருந்தா பொழச்சிருப்பாளான்னு கேட்டேன். பொழச்சிருக்கலாம்னு சொன்னாங்க. ஆளுங்க வர்றாங்கன்னு நீ சொன்னதாலதான் வச்சுக்கிட்டாங்களாம்.”

குழந்தை சிணுங்கியது. நாகநாதன் அதைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

“உன் சாமான் கெட்டுப் போச்சுன்னா அது வேற. அதுக்கு உன்ன ஒன்னும் சொல்லமாட்டேன். ஒன்னே ஒன்னு கேக்குறேன் அரசு. அவ உள்ள போறப்போ, யாரும் வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“என்ன மாப்பிள்ள கேக்குறீங்க?” கமலாம்பிகை சீறிக்கொண்டு எழுந்தாள். அழுத கண்ணோடு வந்து மகனுக்கு முன்னால் நின்றுகொண்டாள். “தெரிஞ்சா சொல்லாம இருப்பானா? கூடப் பொறந்தவன்லா அவன்! புள்ள காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம அக்காவுக்காக ஓடிட்டு வந்து நிக்கிறான், அவனப் போய்…”

அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். அவன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். காலையில் கவுண்ட்டரில் அவன் யார் யாரைக் கூப்பிட்டான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாகநாதனும் மாமியாரின் பேச்சை மீறி மறுபடி கேட்கிற ஆளில்லை.

அரசு அம்மாவின் தோளைப் பிடித்து மெல்ல ஒரு பக்கமாக விலக்கினான்.

“தெரியும், அத்தான்.”